பள்ளி நிர்வாகிகளின் ஊதியத்தைப் பெயரோடு வெளியிட வேண்டுமா?

கேள்வி: பெற்றோர் குழு உறுப்பினர்

வணக்கம். எங்கள் பள்ளி வாரியத்தின் ஆண்டுக் கணக்கில் "நிர்வாகச் செலவு" என்று ஒரே வரியில் ஒரு பெருந்தொகை போடப்பட்டிருக்கிறது. கண்காணிப்பாளர், துணைக் கண்காணிப்பாளர்கள், தலைமையாசிரியர்கள் என அனைவருடைய ஊதியமும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று எழுதிக் கேட்டேன். அது தனிநபர் விவரம் என்று பதில் வந்தது. கேட்டதே தவறோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. பிற இடங்களில் இதை எவ்வாறு கையாளுகிறார்கள்? பெயரும் தொகையும் வெளிவர வேண்டுமா, பதவியும் ஊதிய வரம்பும் தெரிந்தால் போதுமா?

பதில் 1: தகவல் உரிமை ஆர்வலர்

கேட்டதில் தவறேதும் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 1,00,000 டாலரோ அதற்கு மேலோ ஊதியம் பெறும் பொதுத்துறை ஊழியர்களின் பெயர், பதவி, தொகை ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதிக்குள் வெளியாகின்றன. பள்ளி வாரியங்களும் இதில் அடக்கம். அந்த வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தாமலே விட்டுவிட்டதால், நிர்வாகிகளுக்காக வந்த பட்டியலில் இன்று அனுபவம் மிக்க ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் இடம்பெறுகிறார்கள் என்பது வேறு கதை.

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் அகாடமி பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைகள் நடுவழி ஒன்றைப் பின்பற்றுகின்றன. 60,000 பவுண்டுக்கு மேல் பெறுவோர் எத்தனை பேர் என்பதைப் பத்தாயிரம் பவுண்டு அடுக்குகளாகத் தணிக்கை செய்த கணக்கில் காட்டுகிறார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் சொல்வதில்லை. இந்தியாவிலோ 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் அலுவலர்கள், பணியாளர்கள் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அரசிடம் கணிசமான நிதி பெறும் தனியார் கல்வி நிறுவனங்களும் இச்சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே "தனிநபர் விவரம்" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்

பெயரா, பதவியா என்பதைவிட எந்தத் தொகை என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நான் ஊதியப் பட்டியல் தயாரித்த நிறுவனம் ஒன்றில், நிர்வாகத் தலைவரின் அடிப்படை ஊதியம் அடக்கமான தொகையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு வாடகை கட்டட பராமரிப்புக் கணக்கிலும், கார் போக்குவரத்துக் கணக்கிலும், சரண் செய்த விடுப்புக்கான தொகை "இதரச் செலவு" என்ற தலைப்பிலும் எழுதப்பட்டன. ஓய்வூதியத்தில் ஊழியர் செலுத்த வேண்டிய பங்கையும் நிறுவனமே கட்டியது. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்தபோது அடிப்படை ஊதியத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஒரு காசும் போகவில்லை, ஆயினும் ஊதியம் என்று வெளியே தெரிந்த எண் பாதி உண்மைதான்.

எனவே தாங்கள் கேட்க வேண்டியது பணி ஒப்பந்தத்தின் நகல். இடையில் விலக நேர்ந்தால் எவ்வளவு இழப்பீடு என்ற பிரிவும் அதில்தான் இருக்கும். பிற்பாடு பெரும் செலவாக வந்து நிற்பது பெரும்பாலும் அதுவே.

பதில் 3: பள்ளி நிர்வாகப் பணியில் இருப்பவர்

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் பெல் என்ற சிறு நகரில் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் வாங்கியது 2010இல் அம்பலமானதும், அம்மாநில உள்ளாட்சிகள் அனைத்தும் ஊதியத்தை வெளியிட வேண்டியதாயிற்று. அதன் விளைவைப் பொருளாதார அறிஞர் அலெக்சாண்ட்ரே மாஸ் ஆராய்ந்தார். புதிதாக வெளியிடத் தொடங்கிய நகரங்களில் உயர்நிலை மேலாளர்களின் ஊதியம் ஏறக்குறைய 7 விழுக்காடு குறைந்தது; அவர்கள் பணியை விட்டு விலகும் விகிதமோ 75 விழுக்காடு கூடியது. அளவுக்கு மீறி வாங்கியவர்களுக்கு மட்டும் வெட்டு விழுந்திருந்தால் அதை நியாயம் எனலாம். பணிக்குத் தகுந்த ஊதியம் பெற்றவர்களும் தப்பவில்லை என்பதே அந்த ஆய்வு காட்டியது. அது நகராட்சிகளைப் பற்றியதுதான், ஆனாலும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் ஊதியம் தெரிவதில் எனக்கு வருத்தமில்லை. எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், ஆண்டில் எத்தனை நாள் பணி என்பவையும் அதே பக்கத்தில் அச்சாகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கண்காணிப்பாளரின் ஒப்பந்த நகலையும், மற்ற நிர்வாகிகளுக்குப் பதவி வாரியாகப் படிகள் உள்ளிட்ட மொத்தச் செலவையும் கேட்டு நாளை புதிய விண்ணப்பம் கொடுக்கிறேன். பணிப்பொறுப்பு விவரத்தையும் சேர்த்தே கேட்பேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.