புதுப்பிப்பு: கோத்தகிரி மலைச் சைக்கிள் பயணம், முடிவான திட்டம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளிலேயே ஏறி, மறுநாள் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்ட நவம்பர் ஏற்றதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பயணத்தை ஜனவரி இறுதிக்கு மாற்றிவிட்டேன். நீலகிரியின் கிழக்குப் பகுதியில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைப்பதால், நவம்பரில் மண்பாதைகள் சேறாவதோடு மலைச்சாலையில் மண்சரிவுக்கும் வாய்ப்பு உண்டு.

ஏற்றம் சுமார் 33 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். எனக்கு அதைவிட இறக்கமே அதிகக் கவலை தருகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் (பிரேக் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் உலோகத் தட்டு) சூடேறிப் பிடிப்புக் குறையும் என்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது பிரேக்கைத் தளர்த்தும் முறையை இப்போதே பழகி வருகிறேன். புறப்படுமுன் பிரேக் கட்டைகளையும் புதிதாக மாற்றிவிடுவேன்.

தோட்டத்துப் பாதைகள் தனியாருடையவை என்பதால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கோத்தகிரியை அடுத்துள்ள இயற்கைக் காடான லாங்வுட் சோலையைத் திட்டத்திலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். அத்தகைய பழமையான சோலைக்குள் டயர்த் தடம் பதியவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காட்டெருமையும் கரடியும் தேயிலைச் சரிவுகளில் நடமாடும் ஊர் என்பதால், மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடம் திரும்பிவிடுவோம்.

கோடநாடு காட்சிமுனைக்குத் தார்ச்சாலையிலேயே செல்கிறோம்.