1941 பைபர் ஜே-3 கப்: துணியைப் பிரிக்க வேண்டுமா, இப்படியே பறக்கவிடலாமா?

வால்சக்கரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 1941-இல் வந்த பைபர் ஜே-3 கப் விமானம் ஒன்றை மறுபடி பறக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கான்டினென்டல் ஏ-65-8 இன்ஜின், ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், இறக்கையில் மர ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தண்டு), அலுமினிய ரிப் (குறுக்கே வடிவம் தரும் சட்டம்). பல வருடங்களாக ஷெட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது, இன்ஜினை யாரும் ஓட்டவில்லை. போர்த்தியிருப்பது பாலியெஸ்டர் துணி. மஞ்சள் பெயின்ட் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கிறது, கிழிசல் கிடையாது. வால் பக்கம் அடித்துணியில் மட்டும் இரண்டு இடத்தில் பழுப்புக் கறை.

கேள்விகள் இவைதான். துணி தாங்குமா என்பதை எப்படிச் சோதிப்பது? துணி நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டத்தையும் ஸ்பாரையும் பிரிக்காமலே பார்த்து முடிக்க முடியுமா? இன்ஜினை எப்படித் தொடங்குவது? புரொப்பெல்லரை இதுவரை கையால் தொடவில்லை.

---

குத்தூசி எழுதியது:

புரொப்பெல்லரைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது, அப்படியே இருக்கட்டும். இன்ஜின் பற்றி மேக்னீட்டோ அண்ணன் சொல்வார். நான் துணியும் சட்டமும் மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பழுப்புக் கறைதான் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில். கப் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்துதான் நிற்கும். உள்ளே புகுந்த தண்ணீர், எலிக்கூடு, எலி மூத்திரம் எல்லாம் வழிந்து சேருவது வால் கம்பத்துக்குப் பக்கத்தில் கீழ் லாஞ்ஜரான் (உடலின் நீளவாக்குக் குழாய்) மேல்தான். துணியில் பழுப்பு தெரிகிறது என்றால் துரு கரைந்து துணிவரை வந்துவிட்டது. துணி சோதனையில் தேறினாலும் அந்தப் பகுதியை மட்டுமாவது திறந்தாக வேண்டும்.

இருந்தாலும் துணியைச் சோதிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டரைக் கெடுப்பது வெயில், அதிலும் புற ஊதாக் கதிர். அதனால் சோதிக்க வேண்டிய இடம் இறக்கையின் மேற்பரப்பு, உடலின் முதுகு. அடிப்பக்கத்தில் சோதித்து நல்ல எண் வந்ததென்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. முதலில் இருட்டில் இறக்கைக்குள் ஒரு பிரகாசமான பல்பை விட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசிந்து தெரிந்தால் வெயிலைத் தடுக்கும் வெள்ளிப்பூச்சு போதவில்லை, அவ்வளவு காலமும் துணி வெயில் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பலம். கப்பின் மொத்த எடை 1,220 பவுண்டு, இறக்கைப் பரப்பு 178 சதுர அடி. சதுர அடிக்கு 7 பவுண்டுகூட வராது. வேக எல்லையும் 160 மைலுக்கு வெகு கீழே. இந்த வகை விமானத்துக்கு அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டுக் கணக்கில் புதுத் துணிக்கு அங்குலத்துக்கு 65 பவுண்டு, பழைய துணிக்குக் குறைந்தபட்சம் 46 பவுண்டு. பெயின்டோடு சேர்த்து அழுத்துமானியால் குத்தினால் பெயின்டின் விறைப்பும் எண்ணில் கலந்துவிடும். ஓர் அங்குல அகலப் பட்டையை வெட்டியெடுத்து, எம்இகே கரைப்பானில் பூச்சைக் கழுவி, வெறும் துணியை இழுத்துப் பார்ப்பதுதான் நம்பத் தகுந்தது.

இப்போது உண்மையில் உயிர் தொங்கும் இடத்துக்கு வருவோம். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட். துணிக்கு முன்னால் இதைப் பாருங்கள், இதற்குத் துணியைப் பிரிக்கவே வேண்டாம். முன்னும் பின்னுமாக நான்கு ஸ்ட்ரட். பழைய வகை, முனை அடைத்து மூடாத குழாய் என்றால் ஈரம் உள்ளே போய்க் கீழ் முனையில் தேங்கும், வெளியே பெயின்ட் புதிது மாதிரி இருக்கும்போதே உள்ளே சுவர் அரித்து மெலிந்துவிடும். இதற்காகவே எஃப்ஏஏவின் கட்டாய ஆணை இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது ஆணை எண் 2015-08-04. கீழ் முனையில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, மால் (Maule) கம்பெனியின் துணிச் சோதனைக் கருவியின் அளவில் 80 வரும்வரை அழுத்த வேண்டும். விரல் தடவும்போது தெரிகிற குழி விழுந்தால் அந்த ஸ்ட்ரட் கழிவு. அல்ட்ராசோனிக்கில் சுவர்த் தடிமன் அளந்தும் பார்க்கலாம். 24 மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். அடைத்து மூடிய புது ஸ்ட்ரட் போட்டுவிட்டால் இந்தத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலை நின்றுவிடும். கீழே திருகியிருக்கும் ஃபோர்க்கின் (கவை போன்ற முனை) மரையையும் கழற்றி விரிசல் பாருங்கள். மரை வெட்டியதா உருட்டியதா என்பது முக்கியம், உருட்டியதுதான் வேண்டும்.

மர ஸ்பார் விஷயத்தில் சமரசமே வேண்டாம். பார்வைத் துளை வழியாகக் கண்ணாடி விட்டுப் பார்ப்பது முதல் சல்லடை மட்டும்தான். ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ப்ளைவுட் தகட்டின் வெளிப்பக்க விளிம்பை நன்றாகப் பாருங்கள். எப்போதாவது இறக்கை நுனி தரையில் இடித்திருந்தால் அழுத்த விரிசல் அங்கேதான் வரும். நார் ஓட்டத்துக்குக் குறுக்காக, தலைமுடியைவிட மெல்லிய கோடு. நேராக டார்ச் அடித்தால் தெரியாது. டார்ச்சை மரத்தோடு படுக்க வைத்து, வெளிச்சம் மேற்பரப்பை உரசிப் போகும்படி பிடித்தால் மட்டும் நிழலாகத் தெரியும். ரிப் ஆணி அடித்த இடங்களில் நார் ஓட்டத்தோடே நீள விரிசல் வரும். போல்ட் துளையைச் சுற்றிக் கருப்பாக இருந்தால் இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்தைத் தின்கிறது; போல்டை உருவித் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்த விரிசல் இருந்தால் ஒட்டுப்போடும் யோசனையே கூடாது, ஸ்பாரை மாற்ற வேண்டும். புது ஸ்ப்ரூஸ் பலகையில் நார்ச் சாய்வு 15-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, அங்குலத்துக்கு ஆறு வளையமாவது இருக்க வேண்டும்.

என் முடிவு: கறை, மர ஸ்பார், வயது மூன்றும் சேர்ந்திருப்பதால் முழுவதும் பிரியுங்கள்.

---

மேக்னீட்டோ எழுதியது:

தம்பி குத்தூசி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இன்ஜினுக்கு வருவோம்.

நின்றுபோன இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதுதான் கெடுதல். சிலிண்டர் சுவரில் படிந்த துருத்தூளை ரிங் வழித்துக்கொண்டு போய்ச் சுவரைக் கீறும். ஏ-65-இல் பிளக் எட்டு, எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றும் முன் புரொப்பெல்லர் கரன்ட் கம்பி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிளக்குக்குப் பொறி தரும் மேக்னீட்டோவிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னீட்டோ உயிரோடுதான் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு.

பிளக் துளை வழியாக போரஸ்கோப் (உள்ளே பார்க்கும் கேமராக் குழாய்) விடுங்கள். மெல்லிய செம்படலம் என்றால் பயமில்லை, மெல்லிய ஆயில் தெளித்து ஊறவிட்டுச் சுற்றலாம், தேவைப்பட்டால் ஹோன் போட்டுச் சுவரைத் தேய்க்கலாம். குழி விழுந்திருந்தால் சிலிண்டரைக் கழற்றாமல் வேறு வழியில்லை. இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்குக்குக் கீழே இருக்கிறது, ஆயில் சொட்டிக்கொண்டே இருந்ததால் கேம் மேலே இருக்கும் இன்ஜின்களைவிடத் துரு குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் கேம் தள்ளும் டேப்பெட்டின் முகத்தைப் பாருங்கள். பொரிந்திருந்தால் கேமும் பொரிந்திருக்கும். சிலிண்டரைத் திரும்பப் போடும்போது ஆயில் வடித்த டேப்பெட் இடைவெளி 0.030 முதல் 0.110 அங்குலத்துக்குள் வர வேண்டும்.

ஆயில் சல்லடையைக் கழற்றி, பழைய ஆயிலை வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள். காந்தம் ஒட்டும் சில்லு கிடைத்தால் அதற்கு மேல் போகாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். எதுவும் இல்லையென்றால் புது ஆயில் நான்கு குவார்ட், சுமார் 3.8 லிட்டர். வருடக்கணக்கில் நின்றதில் பம்ப் கியர் காய்ந்துபோயிருக்கும், உறிஞ்சாது. ஆயில் கேஜ் குழாய் சேரும் துளை வழியாக அழுத்தத்தோடு ஆயில் ஏற்றிவிட்டு, பிளக் இல்லாமலே சுற்றி கேஜ் முள் அசைவதைப் பாருங்கள். அப்புறம்தான் பிளக். ஸ்டார்ட் ஆகி 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

மேக்னீட்டோவை இன்ஜினிலிருந்து கழற்றியே பாருங்கள். பழைய காயிலின் மேலுறை வெடித்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது பொறி வரும், சூடானால் நின்றுவிடும். முதலில் உள் டைமிங் (பொறி வரும் நேரம்), அதற்குப் பிறகு இன்ஜினோடு சேர்த்து டைமிங்; ஏ-65-க்கு இரண்டு மேக்னீட்டோவுமே பிஸ்டன் மேல் முனைக்கு வருவதற்கு 30 டிகிரி முன்னால். கப்பில் ஸ்டார்ட்டர் கிடையாது, கையால்தான் சுற்ற வேண்டும். அதனால் மெதுவாகச் சுற்றும்போதும் மேக்னீட்டோவைச் சட்டென்று சுழற்றிப் பொறி தரவைக்கும் இம்பல்ஸ் கப்ளிங்கின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாது.

ஸ்ட்ராம்பெர்க் என்ஏ-எஸ்3 கார்புரேட்டரில் தகராறு பண்ணுவது ஊசிதான். நியோபிரீன் நுனி போட்ட ஊசி காலப்போக்கில் உப்பியோ இறுகியோ போய், பெட்ரோல் வழிய ஆரம்பிக்கும், இல்லையென்றால் வராமலே நின்றுவிடும். ஊசியையும் இருக்கையையும் ஜோடியாக மாற்றுங்கள். மிதவை மட்டம், மூடியும் கிண்ணமும் சேரும் தளத்துக்கு 13/32 அங்குலம் கீழே. இன்னொன்று: இந்தக் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் இன்ஜின் திணறும். அது கோளாறு இல்லை, அதன் குணமே அப்படித்தான்.

இன்ஜின் ஓடிச் சூடானபின் லீக் டெஸ்ட். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்று கொடுத்து, 60-க்குக் கீழே போகிற சிலிண்டரில் காது வைத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். காற்று கொடுக்கும்போது புரொப்பெல்லரை ஒருவர் பலமாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது உதைக்கும்.

---

வால்சக்கரம் எழுதியது:

மேக்னீட்டோ அண்ணா, குத்தூசி சார், இரண்டு பேருக்கும் நன்றி. முழுவதும் பிரிக்கிறேன். லாஞ்ஜரான் துரு எவ்வளவு இருந்தால் வெட்டி மாற்ற வேண்டும்? புதுத் துணி போர்த்தும்போது எதில் கவனம்?

---

குத்தூசி எழுதியது:

துணியை உரிக்கும் முன் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிப்பிலும் தையல் இடைவெளி (புரொப்பெல்லர் காற்று படும் பகுதியில் நெருக்கமாக இருக்கும்), வடிகால் வளையம், பார்வைத் துளை, கேபிள் போகும் பாதை, எல்லாவற்றுக்கும் படம் எடுங்கள். உரித்த துணியைத் தூக்கிப் போடாதீர்கள். புதுத் துணியில் வளையம் வைக்கும்போது அதைத்தான் விரித்துப் பார்க்க வேண்டிவரும்.

குழாயில் மேல்துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகிற இடத்தில் குத்தூசியை அழுத்துங்கள். ஊசி இறங்கினாலோ குழி விழுந்தாலோ அந்தத் துண்டை வெட்ட வேண்டும். வெட்டும் முன் சட்டத்தை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் தாங்கி) கட்டிப் பிடியுங்கள். இல்லையென்றால் வெல்டிங் சூட்டில் வால் கோணிவிடும், பிறகு விமானம் நேராகவே பறக்காது. உள்குழாய் செருகி, இணைப்பை 30 டிகிரி சாய்வாக வெட்டி, ரோசெட் துளைகளோடு (வெளிக்குழாயில் போட்டு வெல்டால் நிரப்பும் துளைகள்) வெல்டு செய்வது வழக்கமான முறை. அது முடிந்ததும் சின்னத் துளை வழியாகச் சூடான ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, சட்டத்தைப் புரட்டிப் புரட்டிக் குழாயின் உட்சுவர் முழுக்கப் படவிட்டு, வடித்துத் துளையை அடைத்துவிடுங்கள். உள்துருவைத் தடுப்பது அதுதான்.

வெளியே மணல் அடித்தால் அன்றைக்கே எபாக்சி ப்ரைமர். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியாக இருக்க வேண்டும். துணி ஒட்டும் பசையில் உள்ள எம்இகே சாதாரண ப்ரைமரை உரித்தெடுக்கும். ஸ்பாருக்கும் எபாக்சி வார்னிஷ்.

போர்த்தும் முறையில் ஒரே கம்பெனியின் பொருளை அதன் கையேட்டுப்படி தொடக்கத்திலிருந்து முடிவுவரை பயன்படுத்துங்கள். சான்றிதழே அந்த முறைக்குத்தான், பாதி இது பாதி அது என்று கலந்தால் செல்லாது. பாலி-ஃபைபர் முறையில் இஸ்திரிப் பெட்டிச் சூடு: ஓரம் மடிக்க 107 டிகிரி, முதல் இறுக்கம் 121, கடைசி இறுக்கம் 177 செல்சியஸ். பெட்டியின் குமிழில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், அடிப்பரப்பில் வெப்பமானி ஒட்டி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சூடு அதைத் தாண்டினால் துணி இறுகுவது போய்த் தளர ஆரம்பிக்கும், திரும்ப வராது. பசை போட்ட ஓரங்களில் 177 வேண்டாம், பசை இளகி ஓரம் நழுவும். எலிரானின் (இறக்கையின் பின்புறம் அசையும் பலகை) பின்விளிம்பு மெல்லியது. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் வளைந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, படிப்படியாக.

முதல் பூச்சைப் பிரஷால் போடுங்கள், இழைக்குள் இறங்க வேண்டும். பிறகு தையல், நாடா, மீதிப் பூச்சு, வெள்ளி, நிறம். வெள்ளி முடிந்ததும் பல்ப் சோதனையை மறுபடி செய்யுங்கள். நிறத்தில் கஞ்சமாக இருங்கள். கப்பின் வெறும் எடையே 765 பவுண்டுக்குப் பக்கத்தில்தான், 65 குதிரைச் சக்தியில் ஒவ்வொரு கூடுதல் பூச்சும் ஏறும்போது தெரியும். எல்லாம் முடிந்ததும் புதிதாக எடை போட்டு ஈர்ப்பு மையம் கணக்கிடுங்கள், பழைய தாள் செல்லாது.

---

நாடாச்சுருள் எழுதியது:

இரண்டு பேரும் தொடாத இரண்டு விஷயம்.

பெட்ரோல் டேங்க் மூக்கில் இருக்கிறது, 12 கேலன், சுமார் 45 லிட்டர். மூடியில் கம்பியோடு நிற்கும் கார்க் மிதவைதான் கேஜ். எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் கார்க்கின் மேல் உள்ள அரக்குப் பூச்சு கரைந்து, கார்க் ஊறி மூழ்கும், கரைந்தது கார்புரேட்டர் வரை போகும். மூடியில் கம்பி வெளியே வரும் துளைதான் காற்று வழியும், பெயின்ட் அடைத்திருந்தால் பறக்கும்போது பெட்ரோல் நிற்கும். டேங்கைக் கழுவியபின், வாலைத் தாழ்த்தி மூக்கு நன்றாக நிமிர்ந்த நிலையில், கார்புரேட்டர் குழாயைக் கழற்றி ஓட்டத்தை அளந்து பாருங்கள். இறங்கும் ஓட்டத்துக்கு விதி, டேக்-ஆஃப் செலவில் 150 சதவீதம். டேங்க் காலியாகும் நேரத்திலும் அதே ஓட்டம் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தரைச் சக்கரத்தின் ரப்பர் கயிறு. உறையில் ஓடும் வண்ண நூல்கள் தயாரித்த வருடத்தையும் காலாண்டையும் காட்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் செத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். மாட்டும்போது அதற்குரிய இழுப்புக் கருவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், நழுவினால் கை எலும்பு போகும்.

கடைசியாக, புதுத் துணி ஏறுவதற்கு முன்பே ஆய்வாளரைக் கூப்பிட்டுத் திறந்த சட்டம், ஸ்பார், கேபிள் எல்லாவற்றையும் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளில் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரிகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். துணி ஏறியபின் கூப்பிட்டால், பார்க்க முடியாததற்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

---

வால்சக்கரம் எழுதியது:

புரிந்தது. முதலில் ஸ்ட்ரட், அப்புறம் வால் பக்கத் துணி. போரஸ்கோப் படங்கள் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன் அண்ணா, சிலிண்டரைக் கழற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

மேக்னீட்டோ எழுதியது:

போடுங்கள். எக்சாஸ்ட் வால்வு முகத்தையும் எடுங்கள், ஓரம் மட்டும் நிறம் மாறி ஒருபக்கமாக வெந்திருந்தால் அந்த சிலிண்டர் எப்படியும் கழற்ற வேண்டியதுதான்.