மறுமொழி: வண்டி ‘எர்த்’துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். வண்டியில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியைத்தான் ‘எர்த்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> ‘புவியிணைப்பு’ காருக்குப் பொருந்தாது. மின்சாரம் பாடி வழியாகத்தானே பேட்டரிக்குத் திரும்புகிறது? ‘உடலிணைப்பு’ என்றே வைத்துவிடலாம்.

முதல் பாதி சரி. புவியிணைப்பு வீட்டு மின்சாரத்துக்கான சொல். ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கும் மண்ணுக்கும் மின்தொடர்பே கிடையாது. ஆனால் உடலிணைப்பும் தேறாது என்பேன். 1953இல் வந்த முதல் கார்வெட்டை, அதாவது ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள்.

ஹார்லி ஏர்ல் வடிவமைத்த அந்தக் காரை ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில், மோட்டோராமா கண்காட்சியில் காட்டியது. ஜூன் 30 அன்று மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட்டில் உற்பத்தி தொடங்கிவிட்டது. இவ்வளவு அவசரத்தில் இரும்புத் தகட்டை அழுத்தி எடுக்கும் பெரிய அச்சுகளைச் செய்ய நேரம் ஏது? பாடி முழுவதும் கண்ணாடியிழை. அந்த ஆண்டு வந்தவை 300 வண்டிகள்தாம், எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண இரும்புக் காரில் பின்விளக்குக்கு ஒரே ஒயர் போதும், திரும்பி வருவதைப் பாடி பார்த்துக்கொள்ளும். கார்வெட்டில் அடியில் இருந்த சட்டம் (சேஸிஸ்) மட்டும்தான் இரும்பு. அதனால் முன்விளக்கு, பின்விளக்கு, டேஷ்போர்டு மீட்டர் என்று பாடியில் உட்காரும் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ஒயர் இழுத்தாக வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் விளக்கு மங்கும், மீட்டர் பொய் சொல்லும்.

ரேடியோவிலும் இதே கதை. இரும்பு பானட் இருந்தால் எஞ்சின் தீப்பொறியால் ரேடியோவில் வரும் இரைச்சலைத் தடுக்கும். இங்கே அது இல்லாததால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிளக் ஒயர்களுக்கும் உலோக மூடி போட வேண்டியிருந்தது. ஆனால் அதே குறையில் ஒரு லாபமும் பார்த்துவிட்டார்கள். ஆன்டெனாவைக் கம்பி வலையாக டிக்கி மூடியின் கண்ணாடியிழைக்குள்ளேயே பதித்துவிட்டார்கள், வெளியே குச்சி நீட்டிக்கொண்டு இருக்காது. எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

ஆக, உடலிணைப்பு என்று எழுதிவிட்டு, ‘கார்வெட்டின் உடலில் உடலிணைப்பு இல்லை’ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பாடி, சட்டம், தனி ஒயர் என்று எது வழியாகப் போனாலும் நடப்பது ஒன்றுதான்: மின்சாரம் பேட்டரிக்கு மீள்கிறது. எனவே என் பரிந்துரை ‘மீள்தடம்’. எர்த் ஒயருக்கு மீள்தடக் கம்பி, அதைச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கும் இடத்துக்கு மீள்தட முனை.

‘பொதுமுனை’ என்று முன்பு ஒருவர் சொன்னார். சர்க்யூட் போர்டில் அது நன்றாகவே இருக்கிறது. வண்டியில், ‘எர்த் கிடைக்கவில்லை’ என்று மெக்கானிக் சொல்வதைப் ‘பொதுமுனை கிடைக்கவில்லை’ என்று மாற்றினால் முனையே காணாமல் போன மாதிரி ஒலிக்கிறது. ‘மீள்தடம் அறுந்திருக்கிறது’ என்றால் எங்கே தேட வேண்டும் என்பதாவது புரியும்.

பட்டறையில் எர்த் எர்த்தாகவே இருக்கட்டும், நான் கேட்பது பாடநூலுக்கு மட்டும். ‘மீள்’ என்பதை ‘மறுபடியும்’ என்று வாசித்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் ‘திரும்புதடம்’ பற்றியும் சொல்லுங்கள்.