மாரி மழைக்குள் ஒரு நத்தார்ப் பயணம்: கல்லடியிலிருந்து செந்தோசா வரை

நத்தார் விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு, செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதென்று நாங்கள் முடிவெடுத்தது ஓகஸ்ட் மாதத்தில். கச்சான் காற்றில் வீடெல்லாம் புழுதி படிந்திருந்த அந்த நாட்களில், மாரி பிறந்தால் மட்டக்களப்பிலுள்ள எங்கள் கல்லடியை விட்டு வெளியேறுவதே ஒரு பெரிய வேலை என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை என்பதே சிங்கப்பூரைத் தேர்ந்ததற்கு முதற் காரணம். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். போய்ச் சேரும் நாளோடு முடியும் மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. நாங்கள் அணுகிய முகவர் ஒருவர் அதற்கும் ஆளுக்கொரு தொகை கேட்டார். எல்லாம் அடங்கியது என்று அவர் காட்டிய கணக்கை நிதானமாக வாசித்தபோது, தீவுக்குள் நுழைவது மட்டுமே அதில் இருந்தது, பூங்காவுக்கான சீட்டு இருக்கவில்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் நாங்களே பதிவு செய்தோம். பூங்காவை ஒட்டிய விடுதிகளின் நத்தார் வாரத்து வாடகை எங்கள் கைக்கு எட்டாததால் லிட்டில் இந்தியாவில் தங்கினோம். அங்கிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில், அதன் பின் கடலோர நடைபாதையால் நடந்தே தீவுக்குப் போகலாம்.

நத்தார் அன்றே பூங்காவில் நிற்கவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. "பாலன் பிறப்புக்குப் பூசை காணாமல் என்ன நத்தார்?" என்று மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி, விடிந்ததும் அயலவர்களுக்குப் பலகாரத் தட்டு, அதன் பின்னரே பயணம் என்று 29ஆம் திகதிக்கு விமானம் பதிவு செய்தோம்.

26ஆம் திகதி பின்னேரம் வான் சாரதி அழைத்தார். "அக்கா, மன்னம்பிட்டியில றோட்டுக்கு மேலால தண்ணி போகுது." மகாவலி பெருகினால் பொலன்னறுவை வீதி அறுபடும் இடம் அது, தண்டவாளமும் அந்தப் பக்கமாகவே போவதால் புகையிரதத்தை நம்பியிருப்பதிலும் பயனில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், வழமையாக ஏழு மணித்தியால ஓட்டம். நாங்கள் 27ஆம் திகதி விடியற்காலையிலேயே புறப்பட்டு, செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறினோம். 18 வளைவுப் பாதையில் வான் கண்ணாடி முழுவதும் பனிப்புகார். பாதி வளைவு தாண்டுமுன் சின்னவள் வாந்தியெடுத்துவிட்டாள். மாமி கண்டி வரும்வரை செபமாலையைக் கீழே வைக்கவில்லை. இந்த வீதியிலும் மண்சரிவு வரும் என்பதால் இதையும் உறுதியான மாற்றுவழி என்று நம்பிவிடாதீர்கள். நீர்கொழும்பில் உறவினர் வீட்டில் கழிந்த இரண்டு இரவுகளும் வீண் என்று என் கணவர் முணுமுணுத்தார். விமானம் தவறினால் எத்தனை சீட்டு வீண் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

சவாரிகளில் ஏறக் குறைந்தது இவ்வளவு உயரம் வேண்டும் என்று இருப்பதால், ஓகஸ்டிலேயே குசினிக் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டிருந்தோம். 122 சென்ரிமீற்றர் மம்மி சவாரிக்கு, 125 சென்ரிமீற்றர் பின்னிப் பாயும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு. மூத்தவன் இரண்டையும் தாண்டியிருந்தான். சின்னவளுக்கு 120. ஒவ்வொரு ஞாயிறும் பூசையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே நிலையில் முதுகை ஒட்டி நிற்பாள். நத்தார்க் கேக்குக்கு முட்டை அடிக்கும்போது தனக்கும் ஒன்று அவிக்கச் சொல்லுவாள். புறப்படும்போது 121ஐச் சற்றே தாண்டியிருந்தாள். சவாரி வாசலில் நின்ற பணிப்பெண் அளவுக் கம்பத்தோடு அவளை நிறுத்தி, குதிகால் உயர்வதைக் கண்டு சிரித்து, மெல்லத் தலையசைத்து மறுத்துவிட்டார். பெரியவர் துணையிருந்தால் 102 சென்ரிமீற்றரிலேயே ஏறக்கூடிய ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரியைப் பற்றி முன்பே சொல்லிவைத்திருந்ததால் அழுகை நீளவில்லை.

நம்மை நனைக்கும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் டிசம்பரில் சிங்கப்பூரையும் நனைக்கிறது. மின்னல் தெரிந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வாயில் திறந்ததும் வெளியிலுள்ளவற்றுக்கு ஓடி, வானம் இருண்டதும் கட்டடத்துக்குள் இருப்பவற்றுக்கு மாறினோம். வரிசையைக் குறைக்கும் விரைவுச் சீட்டை ஐந்து பேருக்கு வாங்கக் கட்டுபடியாகவில்லை. பிற்பகல் வரிசையில் கால் கடுத்தபோது அதற்காக வருந்தினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மழைக்கோட்டுகளை மட்டக்களப்பிலிருந்தே கொண்டுபோனது நல்லதாயிற்று.

மாமிக்குப் பிடித்தது கூரையிட்ட தெருவில் இருந்த வாங்கு மட்டும். டைனோசர் ஆற்றுப் படகிலிருந்து தோய்ந்து இறங்கியவர்களை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "நாங்க வெள்ளத்துக்குத் தப்பி வந்திருக்கிறம், இவங்க காசு குடுத்து நனையுறாங்க" என்றார்.