கிராண்ட் வந்துவிட்டது, ஆட்கள்தான் வந்து சேரவில்லை (கலிஃபோர்னியா, பிராப் 47)

கவுண்டிக்காரன்:
வணக்கம். கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மனநலத் துறையில் வேலை பார்க்கிறேன், எந்தக் கவுண்டி என்று மட்டும் கேட்காதீர்கள். பத்து வருடம் ஐடியில் புராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு இங்கே வந்தேன். வந்த வேகத்தில் பிராப் 47 கிராண்டை, அதாவது அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலம் தரும் நிதியை, தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: பிராப் 47 என்பது மக்கள் ஓட்டில் வந்த சட்டம். 2014 நவம்பரில் இந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, 950 டாலர் வரையிலான சின்னத் திருட்டு, சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருப்பது போன்றவற்றை பெரும்பாலும் ஃபெலனியிலிருந்து (பெருங்குற்றம்) மிஸ்டிமீனருக்கு (சிறுகுற்றம்) இறக்கினார்கள். அதனால் சிறைச் செலவில் எவ்வளவு மிச்சம் என்று மாநில நிதித்துறை வருடா வருடம் கணக்குப் போடும். அந்தப் பணத்தில் 65 சதவீதம் பி.எஸ்.சி.சி. என்ற வாரியம் வழியாக மனநலம், போதை சிகிச்சை, ஜெயிலுக்கு மாற்றான திட்டங்களுக்கு வரும். 25 பள்ளிப் படிப்பை விடாமல் பிள்ளைகளைத் தக்கவைக்க, 10 குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு. எங்களுக்கு வந்தது அந்த 65-இல் ஒரு துளி.

பேப்பரில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஜெயிலுக்குள்ளேயே ஆளை அடையாளம் காண்கிறோம், பரிந்துரை எழுதுகிறோம், அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறோம். பத்துப் பேரை எழுதினால் கிளினிக்குக்கு வருவது இரண்டு பேர். மீதி எட்டுப் பேர் எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தைக் கேட்டால் "விட்டுவிட்டோம்" என்கிறார்கள், கிளினிக்கைக் கேட்டால் "வரவில்லை" என்கிறார்கள். போதாக்குறைக்கு, வெளியே இருப்பவர்களைக் கண்காணிக்கும் பிரோபேஷன் ஆபீசர்களிடம் சிகிச்சை விவரம் எதையும் சொல்லக் கூடாது என்று எங்கள் வக்கீல் வேறு பயமுறுத்துகிறார். இதை ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

ராத்திரி_டியூட்டி:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஜெயிலில் ஆட்களை எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள் என்று தெரியுமா? நேரில் போய்ப் பார்த்தீர்களா?

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு வருடமாக கேஸ் மேனேஜர். எங்கள் பக்கம் ராத்திரி பன்னிரண்டரைக்கு விடுவார்கள். கைதான அன்று போட்டிருந்த அதே உடுப்பு, ஒரு பிளாஸ்டிக் பையில் பர்ஸ், செத்துப்போன ஃபோன். கடைசி பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நீங்கள் காலை ஒன்பதரைக்குக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் சீட்டு அந்தப் பைக்குள்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் அவருக்குப் போதைப்பொருள் விற்றவனுடையது. இது நான் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து பார்த்தது.

இது வெறும் வருகைக் கணக்கு விஷயமும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை வைத்து 2007-இல் ஒரு ஆய்வு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் சாகும் அபாயம் மற்றவர்களைப் போல 12.7 மடங்கு. ஓவர்டோஸில் சாவது மட்டும் எடுத்தால் 129 மடங்கு. உள்ளே இருந்த நாட்களில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், வெளியே வந்து அதே அளவை எடுப்பார்கள், அவ்வளவுதான் முடிந்தது. அதனால் ஓவர்டோஸை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கையில் கொடுக்காமல் ஒருத்தரையும் விடாதீர்கள், முடிந்தால் ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கான ப்யூப்ரனார்ஃபின் சிகிச்சையை உள்ளேயே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், தண்டனைச் சட்டத்தில் 4024 என்ற பிரிவைப் படியுங்கள். தண்டனை முடிந்தவர் தானாகச் சம்மதித்தால், பகலில் போகவோ சிகிச்சை மையத்துக்கு நேராகப் போகவோ, அதிகபட்சம் 16 மணி நேரம் கூடுதலாக உள்ளே இருக்க ஷெரிஃப் அனுமதிக்கலாம். "கொடுக்கலாம்" என்பதுதான் சட்டம், "கொடுக்க வேண்டும்" இல்லை. அதனால் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். கேப்டனிடம் போகாதீர்கள், ரிலீஸ் டெஸ்கில் இருக்கும் சார்ஜென்டிடம் டீயோ காபியோ வாங்கிக்கொண்டு போங்கள்.

பழைய_கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னது வாசல் விஷயம். நான் காசு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் திட்டங்கள் பாதியில் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். நான் வேறொரு கவுண்டியில் கிராண்ட் கணக்கு பார்த்தவன்.

கிராண்டில் குறைந்தது பாதியை வெளியில் இருக்கும் சமூக அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் பி.எஸ்.சி.சி. பணம் முன்பணமாக வராது, செலவு செய்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்வாய்ஸ் போட்டு வாங்க வேண்டும். கவுண்டிக்கு இது ஒன்றும் இல்லை, பெரிய யானை. ஆறு பேர் வேலை செய்கிற சின்ன அமைப்பு என்ன செய்யும்? சம்பளம் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் காத்திருக்கும், அதற்குள் அனுபவமுள்ள கேஸ் மேனேஜர் வேறு வேலைக்குப் போய்விடுவார். எங்கள் கவுண்டி முதல் வருடம் இதைக் கவனிக்கவே இல்லை, ஒரு அமைப்பு கிட்டத்தட்ட கதவைச் சாத்துகிற நிலைக்கு வந்தபிறகுதான் கவுண்டி தன் கையிலிருந்து மாதாமாதம் கொடுத்துவிட்டு மாநிலத்திடம் பிறகு வாங்கிக்கொள்வது என்று மாற்றினோம். உங்கள் ஒப்பந்தத்தில் இப்போதே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) கொடுக்க வேண்டியதற்கு கிராண்ட் பணத்தை எடுக்காதீர்கள். 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது, நாட்டிலேயே முதல் மாநிலம். விடுதலைக்கு முந்தைய 90 நாளில் சில சேவைகளுக்கு ஜெயிலுக்குள்ளேயே மெடி-கால் பணம் கொடுக்கும். 2024 அக்டோபரிலிருந்து கவுண்டி கவுண்டியாக ஆரம்பித்தார்கள். டாக்டர், மருந்து இதெல்லாம் அங்கே போகட்டும். கிராண்டை மெடி-கால் தொடாததற்கு வையுங்கள்: வாடகை முன்பணம், பஸ் பாஸ், ராத்திரி காரில் உட்காரும் ஆளின் சம்பளம்.

வக்கீல் சொன்னது பாதி சரி. போதை சிகிச்சைப் பதிவுகளுக்கு 42 சி.எஃப்.ஆர். பாகம் 2 என்று தனியாக மத்திய விதி இருக்கிறது, சாதாரண மருத்துவ ரகசிய விதியைவிடக் கறார். 2024-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் அந்தப் பதிவை வைத்து நோயாளி மேலேயே வழக்கு நடத்துவதற்கான தடை அப்படியே இருக்கிறது, அவர் எழுத்தில் சம்மதித்தாலோ கோர்ட் உத்தரவு இருந்தாலோ தவிர. அதற்காக "எதுவும் சொல்லக் கூடாது" என்று இல்லை. கையெழுத்துப் போட்ட சம்மதம் இருந்தால் சொல்லலாம். எங்கள் படிவத்தில் பிரோபேஷனுக்குப் போவது மூன்றே விஷயம்: சேர்ந்தாரா, வருகிறாரா, விட்டுவிட்டாரா. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு போகாது. இதை ஆளுக்குப் படித்துக் காட்டியபிறகு கையெழுத்துப் போடுகிறவர்கள் கூடினார்கள், அதுவரை நாலு பக்கப் படிவத்தைப் பார்த்ததுமே "என்னை மறுபடி உள்ளே தள்ளப் பார்க்கிறீர்கள்" என்று எழுந்து போவார்கள்.

சும்மா_ஒரு_சந்தேகம்:
கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் மருந்துக் கடையில் ஷாம்பூவைக்கூடப் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருடினவனுக்கு வாடகை முன்பணமும் பஸ் பாஸுமா? அதனால்தானே திருட்டு, போதைக்குத் தண்டனையை மறுபடி கூட்டிய பிராப் 36-க்கு 2024-இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டு விழுந்தது. இதெல்லாம் பலன் கொடுத்ததா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணிப்பார்:
எண்ணினார்கள், அதுதான் என் பிழைப்பே. இந்த கிராண்டுகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறேன்.

2024-இல் பி.எஸ்.சி.சி. ஒரு எண்ணைச் சொன்னது: திட்டத்தை முடித்தவர்களில் மறுபடி குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 15 சதவீதம். ஆளுக்கு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் நன்றாகத்தான் இருக்கும், முடிக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள்தானே முடித்தார்கள். அதற்காகத் திட்டம் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த எண் மட்டும் அதை நிரூபிக்காது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், இந்த மாநிலத்தில் மறுகுற்றம் என்றால் விடுதலையாகி மூன்று வருடத்துக்குள் செய்த குற்றத்துக்குத் தண்டனை. கிராண்டின் ஆயுளே மூன்று வருடம் சொச்சம். கடைசி வருடம் சேர்ந்தவரின் மூன்று வருடம் முடியும்போது எங்கள் அலுவலகத்தில் விளக்கை அணைத்திருப்பார்கள்.

சந்தேகம் சார், உங்கள் பூட்டிய ஷாம்பூ எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பிராப் 36-இலும், போதைக் குற்றத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்டு மறுபடி கடும் போதைப்பொருளோடு பிடிபட்டவருக்கு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்குப் போகும் வழி இருக்கிறது. போவதற்கு ஒரு இடம் வேண்டுமே. அந்தச் சட்டத்தால் சிறைச் செலவு ஏறினால் பிராப் 47 மிச்சப் பணமும் குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கவுண்டிக்காரருக்கு: பரிந்துரைத்த தேதி, விட்ட தேதியும் மணியும், முதலில் நேரில் பார்த்த தேதி. இந்த மூன்றை மட்டும் முதல் நாளிலிருந்து ஒழுங்காகப் பதியுங்கள். உங்கள் எட்டுப் பேர் எங்கே விழுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கவுண்டிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வெட்கமாகப் போய்விட்டது, அதனால் நேற்று ராத்திரி போனேன். பதினொன்றே முக்காலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் ஐந்து பேரை விட்டார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் லிஸ்டில் இருப்பவர்கள், ஒருவருடைய அப்பாயின்ட்மென்ட் மூன்று நாள் கழித்து. விடப்போகிறவர்கள் பட்டியல் தினமும் மாலை நாலு மணிக்கே தயாராகிறது என்று சார்ஜென்ட் சொன்னார். இதுவரை அதை யாரும் கேட்டதே இல்லையாம்! நாளையிலிருந்து எனக்கு அனுப்புகிறேன் என்றார். 4024 பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார், படிவம்தான் கிடையாது என்கிறார், அதை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி உட்கார ஒரு ஆளுக்கு பட்ஜெட்டை மாற்றக் கேட்டு இன்று பி.எஸ்.சி.சி.க்கு எழுதுகிறேன்.

ராத்திரி_டியூட்டி:
நல்லது தம்பி. காரில் சார்ஜர் வைக்கும்போது புது மாடல் வயர் மட்டும் வாங்காதீர்கள், பழைய ஐஃபோன் வயரும் ஒன்று வேண்டும். ஒரு ஜோடி சாக்ஸும்.