சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும்: மருமகளுக்கு நான் போட்ட விதி தப்பா?

பாளையங்கோட்டைக்காரி:
எனக்கு 61 வயது. நாங்கள் சுத்த சைவம். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த கொல்கத்தாப் பெண்ணை இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டான். நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. வங்காளிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சளோடு ஒரு முழு ரோகு மீனும் போகவேண்டுமாம். அந்த மீனுக்குச் சேலை சுற்றி, மூக்குத்தி வைத்து, தட்டில் கிடத்துவார்கள். முட்டைகூட ஏறாத வீட்டிலிருந்து மீன் சீர்! கடைசியில் பெண்ணின் மாமாவே சந்தையில் வாங்கி வந்தார், என் வீட்டுக்காரர் பணம் கொடுத்தார். ஆயுசில் அவர் மீனுக்குக் கொடுத்த முதல் காசு அது.

இவ்வளவுக்கும் இறங்கி வந்தவள்தான் நான். இப்போது பொங்கலுக்கு நாலு நாள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் இருவரும் இங்கிலீஷ், நடுவில் ஹிந்தி. ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என் இங்கிலீஷ் பேங்க் சலான் நிரப்பும் அளவுக்குத்தான். பரிமாறுகிறவள் நான், என்ன சிரிப்பு என்று எனக்கு மட்டும் தெரியாது. இரண்டாம் நாள், "இந்த மேசையில் இனித் தமிழ் மட்டும்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. "அவளை அவமானப்படுத்திட்டே" என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு வருடத்தில் ஒரு பெண் தமிழ் படிக்க முடியாதா? நான் கேட்டது தப்பா?

வைகைக்கரை:
தப்பே இல்லை அம்மா. நம் பக்கத்தில் மாமியாரை அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும் ஏன் கூப்பிடுகிறோம்? வந்தவள் பெரும்பாலும் அத்தை மகளாகவோ மாமன் மகளாகவோ இருந்தாள். சின்ன வயதில் நம் வீட்டுத் திண்ணையில் விளையாடினவள். அந்த ஒட்டுதல் இப்போது இல்லையென்றால் பேச்சாவது வேண்டாமா? இன்றைக்கு நீங்கள் விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பேரன் "ஹாய் கிராண்ட்மா" என்பான். அவனுக்கு ஒரு கதை சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும், கேட்க அவனுக்குக் காது இருக்காது. விதியைத் தளர்த்தாதீர்கள்.

லூதியானா மருமகள்:
அம்மா, கோபிக்காமல் கேளுங்கள். நான் கரூர்ப் பெண். பஞ்சாபி வீட்டுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இப்போது பஞ்சாபியில் சண்டையே போடுவேன். ஆனால் யாரும் விதி போட்டு நான் படிக்கவில்லை. மாமியார் அடுப்படியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மாவு பிசைவார். உப்பைக் கையில் எடுத்து 'லூண்' என்பார். நான் 'லூன்' என்பேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் 'லூண்'. ஆறு மாதம் இப்படித்தான் போனது. என் நாத்தனார் அந்த 'லூன்'னை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள், அது வேறு கதை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவை கரூர் வருவார். 11 வருடத்தில் அவர் படித்த தமிழ் 'சாப்டாச்சா', 'போதும்' இரண்டுதான். அந்தப் 'போதும்'க்கே அப்பா பூரித்துப்போய், "மாப்பிள்ளை தமிழ் பேசுறார்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒரு மொழியையே விழுங்கினேன், அதற்கு மாலை கிடையாது. அவர் இரண்டு வார்த்தை சொன்னார், அது சாதனை. அதனால் கேட்கிறேன், உங்கள் பையனுக்கு வங்காளம் எவ்வளவு தெரியும்?

வைகைக்கரை அண்ணா, மாமன் மகள் விஷயத்தை இங்கே மறந்தும் சொல்லிவிடாதீர்கள். என் அக்கா மாமா பையனைக் கட்டியதைச் சொன்னபோது என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். இவர்களுக்கு மாமன் மகன் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. சொந்தத்தில் எடுக்க மாட்டார்கள், அந்தக் காலத்தில் அதே ஊரிலும் எடுக்க மாட்டார்கள். மருமகள் என்றாலே முன்பின் தெரியாத ஊரிலிருந்து வருகிறவள்தான். அவளை உட்காரவைத்துப் பழக்கும் பழக்கம் அவர்களுக்குத் தலைமுறையாக உண்டு. (பழக்குகிறேன் என்று படுத்தும் வீடுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.) நமக்குத் தெரிந்த பெண்ணைத்தான் வைத்துக்கொள்ளத் தெரியும்.

வைகைக்கரை:
மாப்பிள்ளை இரண்டு நாள் விருந்தாளி, தங்கச்சி. மருமகள் குடும்பத்து ஆள். இரண்டும் ஒன்றா?

கொசுறு:
சார், பாளையங்கோட்டை அம்மா வீட்டு மருமகளும் நாலு நாள் விருந்தாளிதான். குடியிருப்பது பெங்களூரில். அதைவிட, அந்த ஊரில் இருக்கும் இரண்டு பேருக்கும் கன்னடம் எவ்வளவு தெரியும் என்று யாராவது கேட்டீர்களா?

ஆச்சியின் பேரன்:
வைகைக்கரை சார் சொன்ன அந்தப் பேரன் நான்தான். அப்பா காரைக்குடிப் பக்கம், அம்மா மராட்டி, வளர்ந்தது புனேயில். எனக்கு மராட்டி, ஹிந்தி, இங்கிலீஷ் வரும். தமிழைப் படித்தது 24 வயதில், யூடியூப் பார்த்து. அப்போது ஆச்சி இல்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் ஆச்சி என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருப்பார். நான் தலையை ஆட்டுவேன். என்ன சொன்னார் என்று இன்று வரைக்கும் தெரியாது.

ஊரில் எல்லோரும் அம்மாவைத்தான் குறை சொன்னார்கள். மராட்டிக்காரி பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரவில்லையாம். அவருக்குத் தெரியாத மொழியை அவர் எப்படிச் சொல்லித்தருவார்? தமிழ் தெரிந்த ஒரே ஆள் அப்பா. அவர் வீட்டுக்கு வந்தால் பேப்பரை விரித்துவிடுவார். தாய்மொழி என்று பெயர் வைத்துவிட்டதால் சுமை முழுக்க அம்மா தலையில் விழுகிறது. பாளையங்கோட்டை அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அந்தப் பயத்துக்கு நானே சாட்சி. விதியை மட்டும் ஆள் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். பையனுக்குப் போடுங்கள்.

ஆவண எழுத்தர்:
கொஞ்சம் திசை மாறுகிறேன். இதைப் படித்துவிட்டு இன்பாக்ஸில் இரண்டு பேர், வேறு மாநிலத்துப் பெண் என்றால் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்தானா, 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்களா என்று கேட்கிறார்கள். இருவரும் இந்து என்றால் மாநிலம், மொழி, சாதி எதுவானாலும் 1955 இந்து திருமணச் சட்டமே போதும், அந்த நோட்டீஸ் கிடையாது. இருவரும் மதம் மாறாமல் வேறு வேறு மதமாகவே இருந்து கட்டிக்கொள்பவர்கள்தான் பொதுவாக 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகிறார்கள். அதில்தான் 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி எல்லாம். சரி, மாமியார் விஷயத்துக்கு வாருங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். லூதியானாப் பெண் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேற்று பையனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரிந்தது ஆறு வார்த்தை. அதில் நாலு சாப்பாடு.

அங்கே மாப்பிள்ளைக்கென்றே ஜமாய் சஷ்டி என்று ஒரு நாள் உண்டாம், ஜூன் வாக்கில் வரும். மாமியார் விதவிதமாக மீன் சமைத்துப் போடுவாராம். என் பையன் மீன் தொடமாட்டான் என்பதால் அந்த அம்மா கடலைப்பருப்பை ஊறவைத்து அரைத்து, துண்டு போட்டுப் பொரித்து, குழம்பில் போட்டிருக்கிறார். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கவில்லை. கேட்டால் நம் பருப்பு உருண்டைக் குழம்புக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கிறது. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை புரியாமல் அவ்வளவும் நடந்திருக்கிறது. இதை இரண்டு வருடமாக அவன் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு அந்தக் கோபம்தான் இப்போது பெரிதாக இருக்கிறது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். பொங்கலன்று அவள் வாய் மறந்து "ஜொல்" கேட்டாள். அவர்கள் பாஷையில் தண்ணீர். என் கொழுந்தன் பையன், "அண்ணி ஜொள்ளு விடுறாங்க" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஏன் சிரித்தோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் மேசையில் எப்படி உட்கார்ந்திருந்தேனோ அப்படியே அவளும் உட்கார்ந்திருந்தாள்.

அதே நாள்தான் அவர்களுக்கும் சங்கராந்தி. சாயங்காலம் அரிசி மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்து, பாலில் வேகவைத்து அவள் ஒரு பண்டம் செய்தாள். 'துத் புலி' என்றாள். "இது பால் கொழுக்கட்டையில்லா!" என்றேன். "கொலுகட்டை" என்றாள். அவளுக்கு ழவும் ளவும் வரவில்லை, எனக்கு அந்தப் பெயரே புளி என்றுதான் வருகிறது.

லூதியானா மருமகள்:
அம்மா, விதி என்ன ஆச்சு?

பாளையங்கோட்டைக்காரி:
இருக்கிறது. இனி மேசையில் என்ன பேசினாலும் சிரித்தாலும் பையன் அதை அந்தந்த நிமிஷமே எனக்குத் தமிழிலும், நான் சொல்வதை அவளுக்கும் சொல்லவேண்டும். சொல்லும் வரை அவனுக்கு மறுசோறு கிடையாது. போனில் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வைகைக்கரை:
மொழிபெயர்ப்பாளர் வைத்தா பேரனிடம் பேசப்போகிறீர்கள்? நான் இதை ஏற்கவில்லை அம்மா.

பாளையங்கோட்டைக்காரி:
பேரன் வரட்டும் தம்பி. அவனுக்குத் தமிழில் பேசவேண்டியது அவன் அப்பன் பொறுப்பு என்று அதே போனில் சொல்லியாயிற்று. பேசாவிட்டால் இதே இடத்துக்கு வருகிறேன், அப்போது நீங்கள் என் பக்கம் பேசுங்கள்.