செம்பூர் ஸ்டில்ட்ல 5 மாசம் நிக்கப்போற பத்மினி: கவர் உள்ளே தண்ணி, மேட் அடியில துரு

செம்பூர்_86

வண்டி 1986 பிரீமியர் பத்மினி. தகரம் எல்லாம் கம்பெனியில வந்ததுதான், எங்கேயும் வெட்டி ஒட்டலை. நிக்கறது மும்பை செம்பூர்ல எங்க சொசைட்டி (அபார்ட்மென்ட்) ஸ்டில்ட் பார்க்கிங்ல: மேல கட்டடம், மூணு பக்கம் திறப்பு, கீழ சிமென்ட் தரை. ஜூன் முதல் வாரம் ஊருக்குப் போனா அக்டோபர் கடைசியிலதான் வருவேன். நடுவுல வாட்ச்மேன் தவிர யாரும் இல்ல.

இப்பவே ரெண்டு தொல்லை. வெள்ளிக் கலர் பிளாஸ்டிக் கவரைக் காலையில தூக்கினா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. டிரைவர் பக்கம் ரப்பர் மேட் அடியில இருக்கற ஃபெல்ட்டைப் பிழிஞ்சா சொட்டுது, தகரத்துல காப்பிப்பொடி தூவின மாதிரி துரு.

தண்ணி எங்கிருந்து வருது? காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாமா? வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி 5 நிமிஷம் ஓடவிடச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சாவி கொடுக்கலாமா?

மாட்டுங்கா ஸ்டெப்னி

டீஹியூமிடிஃபையர் வேண்டாம் சார். மூணு பக்கம் திறந்த இடத்துல அதை ஓடவிடறது அரபிக்கடலை வாளியில இறைக்கற கதை.

சாவியும் கொடுக்காதீங்க. 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். 5 நிமிஷத்துல சைலன்சரும் ஆயிலும் முழுசா சூடாகாது. அந்த ஆவி சைலன்சர்லயும், ஆயில் நிக்கற கிராங்க் கேஸ்லயும் தண்ணியா நின்னுடும். அரை மணி நேரம் ரோட்டுல ஓட்ட ஆள் இருந்தா ஸ்டார்ட் பண்ணலாம், இல்லன்னா தொடாம விடறதே மேல்.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு பிரிச்சுப் பாருங்க. சமையலுக்கு வாங்கற அலுமினியத் தாள் 2 அடிக்கு 2 அடி, வண்டி அடியில தரையில விரிச்சு நாலு ஓரமும் பேக்கிங் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்க. தாளோட அடிப்பக்கம் நனைஞ்சா ஈரம் தரை வழியா ஏறுது. மேல்பக்கம் மட்டும் நனைஞ்சா காத்துல இருக்கற ஈரம் படியுது.

ஃபெல்ட்ல நிக்கற தண்ணிக்கு வேற சோதனை. மேட், ஃபெல்ட் எல்லாத்தையும் எடுத்து, தகரத்தைத் துடைச்சு, பேப்பர் விரிங்க. மக்குல தண்ணி எடுத்து முன் கண்ணாடி ரப்பரோட கீழ் ஓரத்துல தொடங்கி மேல ஏறுங்க, இடத்துக்கு 5 நிமிஷம். மேலேருந்து ஊத்தினா எல்லாம் ஒண்ணா வழியும், எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் கதவுக் கண்ணாடி.

செம்பூர்_86

பார்த்தாச்சு. அலுமினியத் தாள் ரெண்டு பக்கமும் ஈரம், அடியில தரை கறுத்துக் கிடக்கு. முன் கண்ணாடி ஒழுகலை. ஆனா டிரைவர் கதவை ஆட்டினா உள்ளே சளக் சளக்குன்னு சத்தம். தினம் வண்டி துடைக்கற பையன் பைப் வச்சுக் கழுவறான்.

டோம்பிவிலி டிங்கர்

கதவு அடியில இருக்கற வடிகால் துளை அடைச்சிருக்கு. கண்ணாடி வழியா இறங்கற தண்ணி அந்தத் துளை வழியா வெளிய போகணும். அடைச்சா கதவுக்குள்ள ஏறி, உள்பக்க அட்டையை நனைச்சு, ஃபெல்ட்டுக்கு வந்துடும். சைக்கிள் ஸ்போக்கை முனை வளைச்சு ஒவ்வொரு துளையிலயும் விட்டுச் சுரண்டுங்க, சேறு மாதிரி கொட்டும். நாலு கதவு, ரெண்டு பக்க சில் (கதவுக்குக் கீழ நீளமா ஓடற தகரப் பெட்டி), டிக்கியில ஸ்டெப்னி உட்கார்ற பள்ளம், ஒண்ணு விடாதீங்க. பைப் கழுவல் இன்னையோட நிக்கட்டும், ஈரத்துணி போதும்.

ஃபெல்ட்டைக் காயவச்சுத் திரும்பப் போடாதீங்க, தூக்கிப் போடுங்க. 5 மாசம் தகரம் வெறுமனேதான் இருக்கணும்.

துருவை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. டங்குன்னா மேல்துரு. மொத்துன்னு கேட்டா முனையால அழுத்துங்க, உள்ள போச்சுன்னா வெல்டிங்தான், கெமிக்கல் காப்பாத்தாது. பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, ஃப்ளோரும் சில்லும்தான் வண்டியோட முதுகெலும்பு. அங்க பட்டி பூசி மறைக்கறவன்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க.

மேல்துருன்னா கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி, அப்புறம் துருவைக் கறுப்புப் படலமா மாத்தற ரஸ்ட் கன்வெர்டர் கெமிக்கல். மெல்லிசா ரெண்டு கோட். காப்பிப்பொடி நிறம் கறுப்பா மாறணும். மாறாம பழுப்பாவே நின்ன இடத்துல துரு இன்னும் கெட்டியா இருக்கு, திரும்பத் தேய்ங்க. ஒரு நாள் விட்டு ப்ரைமர், பெயிண்ட்.

சில், கதவு உள்பக்கத்துக்கு கேவிட்டி வேக்ஸ், அதாவது கூட்டுக்குள்ள ஸ்ப்ரே பண்ற மெழுகு. நீள டியூப் நாசில் வாங்குங்க, இல்லன்னா வாய்ப்பக்கம் மட்டும் நனையும். 500 மி.லி. கேன் மூணு கிட்ட ஆகும். அடிச்ச பிறகு வடிகால்ல திரும்ப ஸ்போக் விடணும், மெழுகே போய் அடைச்சுக்கும்.

ரெண்டு விஷயம் கூடவே கூடாது. ஒண்ணு, மழைக்கு முன்னாடி அவசரத்துல அடிக்கற கறுப்பு தார்க் கோட்டிங். துரு மேல அடிச்சா ஓரத்துல விரிசல் விட்டு தண்ணி உள்ள போகும், வெளிய வராது. மேல பளபளன்னு இருக்கும், உள்ள தகரம் பிஸ்கட் ஆகியிருக்கும். ரெண்டு, பழைய இன்ஜின் ஆயிலை அடியில பூசறது. அதுல அமிலம் இருக்கு, புஷ் ரப்பரையும் ஊதவைக்கும்.

தாராவி ஜாக்கி

பானெட்டுக்குள்ள 40 வாட் குண்டு பல்பு ஒண்ணு எரியவிட்டா ஈரமே தங்காது. அந்தக்கால டெக்னிக்.

மாட்டுங்கா ஸ்டெப்னி

தத்துவம் சரி, இடம் தப்பு தம்பி. கார்பரேட்டர் வண்டியில பெட்ரோல் ஆவி கசியாம இருக்காது. ஆள் இல்லாத இடத்துல, கவருக்குள்ள, சூடான பல்பு. மேல இருக்கறது ஒரு குடும்பம் இல்ல, மொத்த சொசைட்டி.

செம்பூர் சார், கவர் விஷயம். காத்து 29 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு வைங்க. பனிநிலை, அதாவது காத்துல இருக்கற ஈரம் தண்ணியா படியத் தொடங்கற சூடு, 26 டிகிரி பக்கம் வரும். ராத்திரி குளிர்ந்த தகரம் காலையில காத்தை விட 3 டிகிரி கம்மியா இருந்தாலே வேர்க்கும். பிளாஸ்டிக் கவர் போட்டா தரையிலேருந்து ஏறற ஈரமும் உள்ளயே சிக்கிக்கும். உங்களுக்கு நடக்கறது அதுதான். காத்து விடற துணிக் கவர் வாங்குங்க.

ஒண்ணு மனசுல வைங்க: ஜூலை மாசத்துக் காத்து வண்டியைக் காயவைக்காது, தண்ணி முத்தாப் படியாம பார்த்துக்கும், அவ்வளவுதான். ஈரப்பதம் 60ஐத் தாண்டினாலே துரு வேகம் எடுக்கும். போதாததுக்குக் கடல் உப்பு, மாகுல் பக்கத்து ஆலைப் புகை. அதனால தகரத்துக்கும் காத்துக்கும் நடுவுல மெழுகுப் படலம் இருந்தே ஆகணும். வெளிப் பெயிண்டுக்கும் போறதுக்கு முன்னாடி வேக்ஸ் பாலிஷ், குரோமுக்கு வாசலின் மெல்லிசா.

தரைக்கு கெட்டியான பாலிதீன் விரிங்க, வண்டியோட அகலத்தை விட அரை அடி கம்மியா. வெளிய நீட்டினா சாரல் தண்ணி அது மேல குளம் கட்டும். டயருக்கு அடியில பலகை.

வண்டிக்குள்ள கால்சியம் குளோரைடு டப்பா வைக்காதீங்க. ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணியா நிக்கும், சாய்ஞ்சா ஃப்ளோர் போச்சு. சிலிக்கா ஜெல்லும் கண்ணாடி இறுக்க மூடியிருந்தாத்தான் உதவும், பழைய ரப்பர்ல அது நடக்காது. கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, எலி வராம உள்ளேருந்து கொசுவலைக் கம்பி ஒட்டுங்க.

தாராவி ஜாக்கி

பல்பு வாபஸ். ஆனா பெட்ரோல் டேங்கை ஃபுல் பண்ணிடணும்ணா. காலி இடம் இருந்தாத்தானே உள்ள வேர்க்கும்.

மாட்டுங்கா ஸ்டெப்னி

எத்தனால் இல்லாத காலத்துல அது சரி. இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும், அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில உட்காரும். பெட்ரோலை உறிஞ்சற குழாய் வாயும் அங்கதான். பத்மினி காலத்து ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எதுவும் எத்தனாலை நினைச்சுச் செஞ்சது இல்ல.

5 மாசத்துக்கு என் கணக்கு: டேங்கைக் காலி பண்ணுங்க. திறந்த இடத்துல, உலோக கேன்ல, வேற வண்டிக்கு ஊத்திடுங்க. டேங்கைக் கழட்ட முடிஞ்சா 250 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு நாலு பக்கமும் உருட்டி, மிச்சத்தைக் கொட்டிட்டு மூடி போடுங்க. வெறும் தகரமா விட்டா அதுவும் துருப் பிடிக்கும். பம்புக்கு வர்ற ஹோஸைக் கழட்டிட்டு இன்ஜின் தானா நிக்கற வரை ஓட்டினா கார்பரேட்டர் காலி. ஹோஸ் மாத்தறதா இருந்தா எத்தனால் தாங்கறதான்னு கேட்டு வாங்குங்க.

இன்ஜின் ஆயிலைப் போறதுக்கு முன்னாடி மாத்துங்க, வந்த பிறகு இல்ல. பழசுல இருக்கற அமிலம் 5 மாசம் பேரிங்கை நக்கும். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி வேண்டாம். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், நடுவுல தண்ணி நின்னா ஹெட்டைத்தான் அரிக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. நாலு ப்ளக்கும் கழட்டி சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்தி ப்ளக்கை மாட்டுங்க.

ஹேண்ட் பிரேக் போடவே போடாதீங்க. லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும். டயரோட ரெண்டு பக்கமும் மரக்கட்டை அடை கொடுங்க. டயர்ல வழக்கத்தை விட 10 பி.எஸ்.ஐ. கூட, டயர்ல எழுதின உச்சத்தைத் தாண்டாம. பேட்டரியை நெகட்டிவ் முதல்ல கழட்டி வீட்டுக்குள்ள வைங்க. 12.4 வோல்ட்டுக்குக் கீழ இறங்காம யாராவது மாசம் ஒரு தடவ சார்ஜ் போடணும்.

டோம்பிவிலி டிங்கர்

சைலன்சர் வாயில துணி அடைங்க, ஏர் கிளீனர் வாய்க்கு வலைக் கம்பி. நைலான் வலையை எலி ஒரே ராத்திரியில கடிச்சுடும்.

செம்பூர்_86

நன்றி. அக்டோபர்ல வந்ததும் நேரா சாவி போட்டுடலாமா?

மாட்டுங்கா ஸ்டெப்னி

கூடாது. முதல்ல பிரேக் பெடல். மெத்துன்னு இறங்கினா நாலு வீல்லயும் வீல் சிலிண்டரைப் பாருங்க. பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும், டாட் 3 புதுசுல 205 டிகிரியில கொதிக்கறது ஈரமானா 140ல கொதிச்சுடும், அதனால எப்படியும் மாத்திடுங்க. பிறகு ப்ளக்கைக் கழட்டி, காயில் நடு வயரை எடுத்து எர்த் பண்ணிட்டு, ஆயில் லைட் அணையற வரை ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்துங்க. புது பெட்ரோல் 5 லிட்டர், ப்ளக் மாட்டி ஸ்டார்ட். கொஞ்சம் புகையும், பயப்படாதீங்க.

இப்பவே ஒரு அட்டையில "சைலன்சர் துணி, ஏர் கிளீனர் வலை, ஹேண்ட் பிரேக் இல்லை"ன்னு எழுதி ஸ்டியரிங்ல கட்டி வைங்க.